2048-ல் அண்டார்டிகாவைத் திறந்துவிடப் போகிறார்களா?

கேள்வி இது: "அண்டார்டிகா ஒப்பந்தம் 2048-ல் காலாவதி ஆகிறதாம், அதன்பிறகு யார் வேண்டுமானாலும் போய்ச் சுரங்கம் தோண்டலாமாம். வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? வட துருவத்துக்கும் இதுபோல ஒப்பந்தம் உண்டா? துருவங்களுக்கு இப்போது பெரிய ஆபத்து எது?"

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. 2048-ல் எதுவும் காலாவதி ஆகாது. ஆனால் அந்த எண் எங்கிருந்து முளைத்தது என்று பார்த்தால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அண்டார்டிகாவுக்கு இருப்பது ஒரே ஒப்பந்தம் அல்ல. அடிப்படையானது 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டது. 60 டிகிரி தென் அட்சரேகைக்குத் தெற்கே ராணுவ நடவடிக்கை கூடாது, அணுகுண்டு வெடிக்கக் கூடாது, அணுக்கழிவு கொட்டக் கூடாது, ஆராய்ச்சிக்கு எல்லோரும் வரலாம். இதற்கு முடிவுத் தேதியே கிடையாது. இதில் கெட்டிக்காரத்தனமான இடம் 4-ம் பிரிவு. அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் என 7 நாடுகள் அந்தக் கண்டத்தில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தன. அதிலும் அர்ஜென்டினா, சிலி, பிரிட்டன் மூன்றும் கேட்ட துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பாகப்பிரிவினை வழக்கில் 'உள்ளது உள்ளபடி இருக்கட்டும்' என்று கோர்ட் உத்தரவு போடுமே, அதுதான் இங்கும் நடந்தது. யாருடைய உரிமையையும் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. புதிதாக யாரும் கேட்கவும் கூடாது.

ஆனால் அந்த ஒப்பந்தம் சுரங்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1970-களில் எண்ணெய் விலை ஏறியதும் நாடுகளுக்கு அந்த யோசனை வந்தது. பல வருடம் பேசி, 1988-ல் வெலிங்டனில் ஒரு கனிம உடன்படிக்கையையே தயார் செய்துவிட்டார்கள். சுரங்கத்தைத் தடை செய்யும் உடன்படிக்கை அல்ல அது. எப்படி அனுமதி கொடுப்பது என்று விதி வகுத்த உடன்படிக்கை. ஒன்றிரண்டு வருடத்தில் அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டியது.

குறுக்கே வந்தது 1989. அந்த ஜனவரி 28 அன்று அர்ஜென்டினாவின் சரக்குக் கப்பலான பாஹியா பரைசோ, அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் பாறையில் மோதித் தரைதட்டியது. கப்பலில் சுற்றுலாப் பயணிகளும் இருந்தார்கள். ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். சுமார் 6 லட்சம் லிட்டர் டீசல் கடலில் கலந்தது. பெங்குவின்களும் நீர்க்காகங்களும் எண்ணெயில் நனைந்து கிடந்த படங்கள் வெளியாகின. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் மோதி, சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. கரைக்கு இவ்வளவு பக்கத்தில், ஆட்கள் ஓடிவந்து துடைக்க முடிகிற இடத்திலேயே இந்தக் கதி என்றால் அண்டார்டிகாவில் யார் போய்த் துடைப்பது? ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக், பிரெஞ்சுப் பிரதமர் மிஷேல் ரொக்கார் இருவரும் கனிம உடன்படிக்கையில் சேர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உரிமை கோரும் நாடுகள் அத்தனையும் சேர்ந்தால்தான் அது உயிர் பெறும் என்பதால் அதோடு அதன் கதை முடிந்தது.

அதன் இடத்தில் வந்ததுதான் 1991 அக்டோபர் 4 அன்று மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறை. அதன் 7-ம் பிரிவு ஒரே வாக்கியம்: அறிவியல் ஆராய்ச்சி தவிர, கனிம வளம் சார்ந்த எந்த நடவடிக்கையும் கூடாது. சட்டம் எழுதுகிறவர்கள் இவ்வளவு சுருக்கமாக எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த நெறிமுறை 1998 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 50 வருடம் கழிந்த பிறகு, முடிவெடுக்கும் உரிமையுள்ள எந்த நாடும் 'மறுபரிசீலனை மாநாடு கூட்டுங்கள்' என்று கேட்கலாம். 1998-ஓடு 50-ஐக் கூட்டினால் 2048. அவ்வளவுதான் அந்த எண்ணின் ரகசியம். கேட்கலாம் என்பதற்கும் கிடைக்கும் என்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள்: மாற்றத்தைப் பெரும்பான்மை ஏற்க வேண்டும், அந்தப் பெரும்பான்மையில் 1991-ல் முடிவெடுக்கும் உரிமை பெற்றிருந்த 26 நாடுகளில் முக்கால்வாசி இருக்க வேண்டும், அமலுக்கு வர அந்த 26-ம் ஒன்று விடாமல் ஒப்புதல் தர வேண்டும். அந்த 26-ல் இந்தியாவும் ஒன்று. போதாததற்கு, சுரங்கத்தடையை நீக்க வேண்டுமானால் அதற்குப் பதிலாகக் கட்டுப்படுத்தும் ஒரு சட்ட ஏற்பாடு முன்கூட்டியே இருந்தாக வேண்டும். ஒரு சந்து மட்டும் உண்டு. மாநாடு ஏற்ற மாற்றம் 3 வருடத்துக்குள் அமலுக்கு வராவிட்டால், ஒரு நாடு நோட்டீஸ் கொடுத்து நெறிமுறையிலிருந்தே வெளியேறலாம். சட்டம் தெரிந்தவர்கள் கவலைப்படுவது இந்தச் சந்துவழியைப் பற்றித்தான், 2048 என்ற தேதியைப் பற்றி அல்ல.

வெட்டியெடுக்க யார் போகப்போகிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. கண்டத்தில் சுமார் 98 சதவீதம் பனி, சராசரி ஆழம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். கடலுக்கடியில் எண்ணெய் இருக்கலாம் என்று ரஷ்யக் கப்பல்கள் எடுத்த அளவைகளை வைத்து 2024-ல் பெரிய பரபரப்பு கிளம்பியது. ஆராய்ச்சி எங்கே முடிகிறது, நோட்டம் பார்ப்பது எங்கே தொடங்குகிறது என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. ஆனால் பனிப்பாறைகள் மிதந்து அலையும் கடலில் எண்ணெய்க் கிணறு நடத்துவது இன்றைக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது. சட்டத்துக்குப் பக்கத்தில் பொருளாதாரமும் காவல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்ரிட் நெறிமுறையின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது சுரங்கத்தடையை அல்ல, அன்றாட நடைமுறையில் அது செய்த மாற்றத்தை. முன்பு குப்பையை என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்தில் பழைய இரும்பு, டிரம், உடைந்த வண்டி எல்லாவற்றையும் உறைந்த கடலின்மேல் இழுத்துப்போய் வைத்துவிடுவார்கள். கோடையில் பனி உடையும், குப்பை கடலுக்குள் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் போனதால் பிரச்சினை தீர்ந்தது. அந்த விரிகுடாவின் அடித்தளம் உலகின் மிக மாசுபட்ட கடற்தளங்களில் ஒன்று என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அதே நிலையத்தில் 1962 முதல் 1972 வரை ஒரு சிறிய அணு உலைகூட ஓடியது. அதை மூடிய பிறகு கதிர்வீச்சு பட்ட மண்ணையும் கல்லையும் ஆயிரக்கணக்கான டன் கணக்கில் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று, கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும் என்பது விதி.

நாய்களும் போயின. துருவப் பயணிகள் ஸ்காட், அமுண்ட்சென் காலத்திலிருந்து சறுக்குவண்டி இழுத்த நாய்கள் 1994 ஏப்ரல் 1-க்குள் கண்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று நெறிமுறை சொன்னது. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் காய்ச்சல் சீல்களுக்குத் தொற்றிவிடக்கூடும் என்பது காரணம். பிரிட்டன் தன் கடைசி ஹஸ்கிகளை அந்த வருடம் பிப்ரவரியில் ராதெரா நிலையத்திலிருந்து அனுப்பிவைத்தது. வேறு ஊர் மண் வரக்கூடாது, உயிருள்ள கோழி வரக்கூடாது, பார்சலில் போடும் தெர்மாகோல் உருண்டைகூடக் கூடாது.

சுற்றுலாக் கப்பலில் போகிறவர்களுக்கும் இது உண்டு. இறங்குவதற்கு முன் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கித் தேய்ப்பார்கள். ஜாக்கெட்டின் வெல்க்ரோ பட்டையை ஊசியாலும் வாக்குவம் கிளீனராலும் துழாவுவார்கள், ஏனென்றால் புல்விதை ஒட்டிக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இது மிகையான ஜாக்கிரதை அல்ல. நம் புல்வெளிகளில் தானாக முளைக்கும் ஒரு சாதாரணக் களைப்புல் அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் ஏற்கெனவே வேர்பிடித்து, பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் 100 பேருக்குமேல் கரையில் இருக்கக் கூடாது, 500 பயணிகளுக்குமேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு பருவத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மொத்தம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்க இதுவரை யாராலும் முடியவில்லை.

சரி, வேலி இவ்வளவு நன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன ஆபத்து? வேலி தாண்டி வருவதெல்லாம் வேலியைக் கண்டுகொள்ளாத சமாச்சாரங்கள்.

எம்பரர் பெங்குவினை எடுத்துக்கொள்வோம். அது குஞ்சு வளர்ப்பது தரையில் அல்ல, கரையோடு ஒட்டி உறைந்த கடல்பனியின்மேல். ஏப்ரலில் உறைந்த பனி டிசம்பர் வரையாவது தாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் குஞ்சின் மெத்தென்ற பஞ்சு இறகு உதிர்ந்து, தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்கும். இந்தக் கூட்டங்களை விஞ்ஞானிகள் நேரில் போய் எண்ணுவதில்லை. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைப் பனிமேல் பழுப்பு நிறத்தில் எச்சக் கறை தெரியும், அதை வைத்துத்தான் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். 2022-ல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் 5 கூட்டங்களைக் கவனித்துவந்தார்கள். இறகு முளைக்கும் காலத்துக்கு முன்பே பனி உடைந்தது. 4 கூட்டங்கள் இருந்த இடத்தில் கறையும் இல்லை, கறை படிந்த பனியும் இல்லை. அங்கே எந்த நாடும் மாட்ரிட் நெறிமுறையை மீறவில்லை. அடுத்த வருடம் குளிர்காலத்தில் அண்டார்டிகக் கடல்பனியின் உச்சப் பரப்பு, செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்தே மிகக் குறைவாக, 1.7 கோடி சதுர கிலோமீட்டருக்கும் கீழே நின்றது.

மேற்கு அண்டார்டிகாவில் இருக்கும் த்வைட்ஸ் பனியாறு தமிழ்நாட்டைவிடப் பெரியது. அதன் அடித்தளம் கடல்மட்டத்துக்குக் கீழே, உள்ளே போகப் போக இன்னும் ஆழமாக இறங்குகிறது. வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர் அடியில் புகுந்து அதைக் கரைக்கிறது. அது மட்டும் முழுக்கக் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். நாளைக்கே நடக்காது, நூற்றாண்டுக் கணக்கு. ஆனாலும் எண்ணூரிலும் நாகப்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு அந்தப் பனியாறு வெகுதூரத்து விஷயம் இல்லை.

அப்புறம் பறவைக் காய்ச்சல். எச்5என்1 வைரஸ் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவுக்கும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகத் தீபகற்பத்துக்கும் வந்துசேர்ந்தது. கொண்டுவந்தவை ஸ்கூவா போன்ற பறவைகள். அதற்கு எந்தப் பூட்ஸைக் கழுவுவது?

தூரத்திலிருந்து வரும் கேட்டைத் தடுக்கவே முடியாதா என்றால், ஒருமுறை முடிந்திருக்கிறது. அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தில் வருடக்கணக்காக ஓசோனை அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர், ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின், 1985-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: வசந்த காலத்தில் தலைக்குமேல் ஓசோன் பெருமளவு காணாமல் போகிறது. காரணம் உலகெங்கும் ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த சிஎஃப்சி வாயு. 2 வருடத்தில் மான்ட்ரியல் நெறிமுறை தயாரானது, பிறகு உலக நாடுகள் அத்தனையும் அதில் சேர்ந்தன. அண்டார்டிகாவுக்குமேல் ஓசோன் 2066 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று கணிக்கிறார்கள். அண்டார்டிகாவை அதிகம் காப்பாற்றிய ஒப்பந்தம் எது என்று என்னைக் கேட்டால், அண்டார்டிகா என்ற பெயரே இல்லாத இந்த ஒப்பந்தத்தைத்தான் சொல்வேன்.

வேலிக்கு உள்ளேயே இருக்கும் சிக்கல் ஒன்றும் உண்டு. தென்பெருங்கடலின் மீன்வளத்துக்கென 1980-ல் தனி உடன்படிக்கை போட்டு, அதன் ஆணையத்தை ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் வைத்திருக்கிறார்கள். அங்கே பெரிய தலைவலி கிரில். சென்னாக்கூனியைப் போன்ற, கூட்டம் கூட்டமாக நீந்தும் சின்ன உயிரி. திமிங்கிலம், பெங்குவின், சீல் எல்லாம் அதை நம்பி வாழ்கின்றன. நாம் அதை ஒமேகா-3 மாத்திரையாகவும், வளர்ப்பு சால்மன் மீனுக்குத் தீவனமாகவும் ஆக்குகிறோம். தென் அட்லாண்டிக் பகுதியில் பருவத்துக்கு 6.2 லட்சம் டன் பிடிக்கலாம். அங்கே இருக்கும் மொத்தக் கிரில் 6 கோடி டன் அளவில் இருக்கும், எனவே கணக்குப்படி 1 சதவீதம்தான். பிரச்சினை எவ்வளவு என்பதில் இல்லை, எங்கே என்பதில். கப்பல்கள் போவது கிரில் திரண்டு நிற்கும் தீபகற்பத்தின் ஓரத்துக்கு, அதாவது பெங்குவினும் திமிங்கிலமும் சாப்பிட வரும் அதே பந்திக்கு.

முன்பு அந்த 6.2 லட்சம் டன்னைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்த ஒரு விதி இருந்தது. 2024-ல் அதைப் புதுப்பிக்க ஒருமித்த கருத்து வராததால் விதி காலாவதியானது. ஆம், உண்மையிலேயே காலாவதியானது இதுதான், இதைப் பற்றி எந்த வாட்ஸ்அப் செய்தியும் வரவில்லை. விளைவு உடனே தெரிந்தது: 2025-ல் முதன்முறையாக முழு வரம்பும் எட்டப்பட்டு, நவம்பர் வரை போக வேண்டிய பருவத்தை ஆகஸ்டிலேயே மூட வேண்டியதாயிற்று.

ஒருமித்த கருத்து என்றால் ஒரு நாடு தலையாட்டாவிட்டாலும் கதை முடிந்தது. 1959-ல் பனிப்போரின் நடுவில் அமெரிக்காவையும் சோவியத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது இந்த விதிதான். இன்று கையைக் கட்டுவதும் அதேதான். ராஸ் கடலில் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாதுகாப்புப் பகுதிக்கு 2016-ல் ஒப்புதல் வாங்கினார்கள், அதுவும் 35 வருடத்துக்கு மட்டும். கிழக்கு அண்டார்டிகா, வெட்டல் கடல், தீபகற்பம் ஆகியவற்றுக்கான திட்டங்கள் ரஷ்யாவும் சீனாவும் ஒத்துக்கொள்ளாமல் வருடாவருடம் ஒத்திவைக்கப்படுகின்றன.

வட துருவத்துக்கு வருவோம். அங்கே அண்டார்டிகா மாதிரி முழுப் பகுதிக்கும் பொதுவான ஒப்பந்தம் கிடையாது, வரவும் முடியாது. தெற்கில் கடல் சூழ்ந்த நிலம். வடக்கில் நாடுகள் சூழ்ந்த கடல். சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவரவர் கரைக்கு அவரவர் சட்டம். 8 நாடுகள் சேர்ந்து 1996-ல் அமைத்த ஆர்க்டிக் கவுன்சிலில் பழங்குடி அமைப்புகளுக்கும் நிரந்தர இடம் உண்டு, அது பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் அதற்குச் சட்டம் போடும் அதிகாரம் இல்லை. உக்ரைன் போருக்குப் பிறகு 2022 மார்ச்சில் ரஷ்யா தவிர்த்த 7 நாடுகளும் பணிகளை நிறுத்திவைத்தன. ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்குமேல் ரஷ்யாவுடையது, அதை விட்டுவிட்டு என்ன பேசுவது? அந்தப் பகுதியோ 1979-லிருந்து உலக சராசரியைப் போல கிட்டத்தட்ட 4 மடங்கு வேகத்தில் சூடாகிவருகிறது.

அங்கே நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நமக்கும் அதில் பங்கு உண்டு. 1980-களின் இறுதியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தாய்ப்பாலில் எவ்வளவு ரசாயனம் கலந்திருக்கிறது என்று சோதித்தார்கள். தொழிற்சாலைகள் நிறைந்த தெற்குப் பகுதியோடு ஒப்பிட, சுத்தமான பால் வேண்டுமே என்று வடகோடியில் வாழும் இனுயிட் பெண்களிடம் மாதிரி வாங்கினார்கள். வந்த முடிவைக் கண்டு ஆய்வகமே திகைத்தது. மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பிசிபி நஞ்சு, தெற்குப் பெண்களைவிட இனுயிட் பெண்களின் பாலில் சுமார் 5 மடங்கு இருந்தது. சூடான நாடுகளில் ஆவியாகும் இத்தகைய ரசாயனங்கள் காற்றோடு போய்க் குளிரில் படிகின்றன. பிறகு பாசியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து சீலுக்கும், அதன் கொழுப்பிலிருந்து அதைச் சாப்பிடும் மனிதருக்கும் ஏறுகின்றன. இந்தக் கண்டுபிடிப்பின் அழுத்தத்தில் உருவானதுதான் இத்தகைய நஞ்சுகளைப் பட்டியல் போட்டுத் தடுக்கும் 2001-ன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை. அதன் முகவுரையிலேயே ஆர்க்டிக் மக்களின் பெயர் இருக்கிறது.

2011-ல் அந்தப் பட்டியலில் எண்டோசல்பான் சேர்ந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த அதே பூச்சிமருந்து, நம் ஊர்ப் பருத்திக்காட்டிலும் அடித்ததுதான். அது நெடுந்தூரம் பயணிக்கும் என்பதற்கு வைத்த சான்றுகளில் ஒன்று, ஆர்க்டிக் காற்றில் அது கிடைத்தது. தடைக்கு இந்தியா கடைசிவரை முட்டுக்கட்டை போட்டு, விதிவிலக்குகள் வாங்கிய பிறகே ஒப்புக்கொண்டது. அதே வருடம் உச்ச நீதிமன்றம் உள்நாட்டில் தடை விதித்தது.

உள்ளூர் ஆபத்துகளும் உண்டு. 2020 மே மாதம் சைபீரியாவின் நோரில்ஸ்க் அருகே டீசல் தொட்டி ஒன்று சரிந்து சுமார் 20,000 டன் எண்ணெய் கொட்ட, அம்பர்னயா ஆறு சிவப்பாக ஓடியது. உறைமண் இளகியதுதான் காரணம் என்றது நிறுவனம்; கட்டுமானக் கோளாறும் இருந்தது என்றது அரசு விசாரணை. இரண்டுமே நம்பக்கூடியவைதான். கப்பல்கள் பயன்படுத்தும் தார் போன்ற கெட்டி எரியெண்ணெய்க்கு அண்டார்டிகக் கடலில் 2011-லேயே தடை வந்துவிட்டது. ஆர்க்டிக்கில் 2024 ஜூலையில்தான் வந்தது, அதிலும் 2029 வரை விலக்குகள்.

வடக்கில் எனக்குப் பிடித்த ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஆர்க்டிக்கின் நடுக்கடலில், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத 28 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், வணிக மீன்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை. பனி விலகிக்கொண்டிருப்பதால் தொடங்கக்கூடும். அதற்கு முன்பே ரஷ்யா, அமெரிக்கா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ஐரோப்பிய ஒன்றியம் உட்பட 10 தரப்புகள் 2018-ல் கையெழுத்திட்டு, 2021 முதல் 16 வருடத்துக்கு அங்கே மீன்பிடிப்பதில்லை, முதலில் என்ன இருக்கிறது என்று ஆராய்வோம் என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. வலை இறங்குவதற்கு முன் விதி இறங்கியது அபூர்வம்.

கடைசியாக இந்தியா. நம் முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரியை 1983-84-ல் பனித்தட்டின்மேல் கட்டினார்கள். சில வருடங்களில் அது பனிக்குள் புதைந்துபோனது. அதனால்தான் அடுத்த நிலையமான மைத்ரியைப் பாறைமேல் கட்டினார்கள். 2012-ல் வந்த பாரதி 134 கன்டெய்னர்களைக் கோத்து அமைத்தது. வேண்டாதபோது கழற்றி எடுத்துவிடலாம். 2022-ல் அண்டார்டிகாவுக்கென்று சொந்தச் சட்டம் இயற்றினோம். 2024 மே மாதம் ஒப்பந்த நாடுகளின் 46-வது கூட்டம் கொச்சியில் நடந்தது, சுற்றுலாவுக்கு விதிமுறை வகுக்கும் பேச்சு அங்கேதான் முறையாகத் தொடங்கியது. கிழக்கு அண்டார்டிகா, வெட்டல் கடல் பாதுகாப்புப் பகுதிகளை முன்மொழியும் நாடுகளோடு 2021-ல் நாமும் சேர்ந்துகொண்டோம். ஒவ்வோர் அக்டோபரிலும் ஹோபார்ட்டில் அந்தக் கோப்பு மேசைக்கு வருகிறது, திரும்பிப் போகிறது.